இது எனக்க கொரலுதான்

பஞ்சாயத்துத் தேர்தல் வரும் போகும். சட்டசபைத் தேர்தலும் வரும் போகும். பூவங்காட்டுவிளைக்காரர்கள் ரப்பர் பால் எடுத்து முடித்து, கடையில் ஒரு சாயா குடித்து, போகிற போக்கில் ஓட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சர்ச் சபைத் தேர்தல் அப்படியில்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆலயத்துக்குச் செயலரைத் தேர்ந்தெடுக்கிற அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்று போகும். மஸ்கட்டிலிருந்தும் தோஹாவிலிருந்தும் லீவு போட்டு ஆள் வந்து இறங்கும். குலசேகரம் ரோட்டில் பிளக்ஸ் அடிக்கிற கடைக்காரனுக்கு மத்தியானச் சோறு உண்ண நேரம் கிடைக்காது.

இந்தத் தடவை சூடு இரண்டு மடங்கு. ஒன்பது வருஷமாகச் செயலர் நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருந்த செல்வதாஸை எதிர்த்து விக்டோரியா நின்றாள். அந்தச் சபையில் ஒரு பெண் செயலருக்கு நிற்பது அதுதான் முதல் தடவை. இருபத்தாறு வருஷம் மஸ்கட்டில் நர்சாக இருந்துவிட்டு வந்தவள். ஐம்பத்தாறு வயது. ஊரில் யாருக்கென்றாலும் பிரஷர் பார்க்கவும், ஊசி போடவும் கூப்பிட்ட குரலுக்கு ஓடுவாள். கை அவ்வளவு இதம். வாய்தான் கொஞ்சம் கூடுதல். நினைத்தது நாக்கில் வந்து நிற்பதற்குள் வெளியே சாடிவிடும். அவளுக்கே அது தெரியும், தெரிந்து என்ன செய்ய?

ஊர் இரண்டு பாகம். மேலவிளையில் வாத்தியார்கள், கல்ஃப் வீடுகள். கீழவிளையில் ரப்பர் வெட்டுகிறவர்களும், முந்திரிக்கொட்டை உடைக்கிற அண்டி ஆபீஸுக்குப் போகிற பெண்களும். மேலவிளை ஓட்டு சரிபாதியாகப் பிரிந்து கிடந்தது. கீழவிளையின் நூற்றுப்பத்து ஓட்டு யாருக்கோ, அவருக்குத்தான் நாற்காலி. அந்த நூற்றுப்பத்தும் செல்லபாயின் பேச்சைக் கேட்கும். செல்லபாய் அண்டி ஆபீஸில் முப்பது வருஷம் உட்கார்ந்து கொட்டை உடைத்தவள். கை விரலெல்லாம் கறுத்திருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை ஊரே ஒன்றாகப் பந்தியில் அமர்ந்து சாப்பிடுகிற அசன விருந்தில் சோறு விளம்புவது எப்போதும் அவள்தான். வேறு யாராவது அந்தச் சோற்று வாளியைத் தொட்டால் விடமாட்டாள்.

விபத்து நடந்தது செவ்வாய்க்கிழமை மதியம். தேர்தலுக்கு ஐந்து நாள். அடுப்பில் சாளை மீன்கறி கொதிக்கிறது, பக்கத்தில் குக்கர். விக்டோரியா ஒரு கையில் அகப்பையும் மறு கையில் போனுமாக நிற்கிறாள். கண்ணாடி எங்கோ கிடக்கிறது. சபை வாட்ஸ்அப் குழுவில் அசனத்துக்கான சாமான் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாகர்கோவிலில் இருக்கும் தங்கை டெல்சியின் செய்தி திரையின் தலையில் வந்து எட்டிப் பார்த்தது. 'அக்கா, கீழவிளை என்ன சொல்லுது?'

விக்டோரியா அதை ஒரு தட்டுத் தட்டினாள். தங்கையிடம் போய்விட்டோம் என்றுதான் நினைத்தாள். மைக்கை அழுத்திப் பிடித்துப் பேசினாள்.

"ஏட்டி டெல்சி, கீழவிளைய நெனச்சு நீ ஒண்ணும் பேடிக்காத. அதுகளுக்கு ஒரு நேரம் அசனச்சோறு வயறு முட்டப் போட்டா போதும், பொறத்தால வந்திரும். செல்லபாய்க்க எலையில நாலு துண்டு எறச்சி கூடுதலா வச்சா அந்த லைன் மொத்தமும் நமக்குத்தான். அதுகளுக்கெல்லாம் என்னத்த பெரிய ரோசம்."

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. இருபத்தாறு வினாடி. விரலை எடுத்தாள், செய்தி பறந்தது. முந்நூற்றெண்பது பேர் இருக்கிற சபைக் குழுவுக்குப் பறந்தது.

நாலு நிமிஷம் கழித்துக் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்தபோதுதான் பேச்சு சபைக் குழுவில் கிடப்பது தெரிந்தது. அவசரத்தில் அதை அழிக்கப் போனாள். எல்லாருடைய போனிலிருந்தும் நீக்குகிற பொத்தானும், நம் போனிலிருந்து மட்டும் நீக்குகிற பொத்தானும் அடுத்தடுத்து இருக்கும். விரல் எதில் விழுந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்? அவள் போனில் மட்டும் செய்தி மறைந்தது. அப்பாடா என்று அடுப்புப் பக்கம் திரும்பிக் கறியைக் கிளறினாள். அதற்குள் ஊர் முழுக்க அந்தச் சிரிப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

போன் அடிக்கத் தொடங்கியது. நிற்கவேயில்லை. முதல் அழைப்பு ஜெபிஷ். விக்டோரியாவின் அண்ணன் மகன், மார்த்தாண்டத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறான், மாமி என்று அவன் கூப்பிடுகிற அத்தையின் தேர்தலுக்கு மூளை அவன்தான்.

"மாமி, நிங்க இனி வாயத் தொறக்கப்பிடாது. இது ஏஐ. மனசிலாச்சா?"

"ஜெபிஷே, அது நான்தான்லே பேசினேன்."

"நிங்க இல்ல."

"நான்தாம்லே. டெல்சிக்கு அனுப்புனது மாறிப் போச்சு."

"மாமி, நான் சொல்லுகேன், நிங்க இல்ல. இப்பம் யாருக்க கொரல வேணும்னாலும் மெஷின் பேசும். பிரதம மந்திரி பாட்டுப் பாடுகாரு, செத்துப்போன நடிகன் வந்து நகைக்கடை விளம்பரம் சொல்லுகான். நிங்க என்ன, சுண்டங்கா. வச்சிருங்க போன."

அவள் குழுவைத் திறந்து பார்த்தாள். ஜெபிஷின் அறிக்கை ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. 'அன்பான சபை மக்களே, தோல்வி பயத்தில் சிலர் நம் சகோதரி விக்டோரியாவின் குரலை ஏஐ மூலம் போலியாகத் தயாரித்துப் பரப்புகிறார்கள். ஏமாற வேண்டாம். ஜெபத்தில் தாங்குங்கள்.' அதன் அடியில் வரிசையாகக் கும்பிடு கைகள் முளைத்தன. பத்து, இருபது, ஐம்பது. எல்லாரும் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தார்கள்.

விக்டோரியா பொய் சொல்லவில்லை. அதை அவள் பிறகு பல தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாயால் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. ஒரு கும்பிடு கையைத்தான் போட்டாள்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. மறுநாள் காலையில் ஊரின் காற்றே மாறிவிட்டது. ஒரு பெண்பிள்ளை துணிந்து நின்றாள் என்பதற்காக இப்படியா செய்வார்கள் என்று மேலவிளைப் பெண்கள் கொதித்தார்கள். செல்வதாஸின் சொந்த மைத்துனர்களே அவரைப் பார்த்தால் பாதை மாறி நடந்தார்கள். பாவம், அந்த மனுஷனுக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பவே பேரன் வேண்டும். தெருமுனையில் நின்று, "நான் என்னத்த செய்தேன்டே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஜெபிஷ் கணக்குப் போட்டுச் சொன்னான்: முன்னால் பதினைந்து ஓட்டு இழுபறி, இப்போது எழுபது ஓட்டு முன்னிலை.

இன்னொரு வேடிக்கை. ஊருக்கு ஒரு புதிய சாக்குக் கிடைத்துவிட்டது. பாடகர் குழுப் பையன் ஒருவன் தக்கலை ஒயின்ஷாப் வாசலில் நிற்கிற போட்டோ வெளியே வந்தது. ஏஐ என்றான். பால் சொசைட்டியில் தண்ணீர் கலந்ததைக் கையும் களவுமாகப் பிடித்து வீடியோ எடுத்தார்கள். அதுவும் ஏஐ. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஆசிரியை அனுப்பிய மதிப்பெண் பட்டியலை அம்மாவிடம் காட்டி, "இது ஏஐ அம்மா" என்றாள். அடி விழுந்தது என்பது வேறு. விக்டோரியா எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்தாள். சிரித்தாள் என்பதுதான் உண்மை. ஜெயிக்கிற வீட்டில் எல்லாமே சிரிப்பாகத்தான் இருக்கும். வந்தவர்களுக்கெல்லாம் ஏத்தன் வாழைக்காய் உப்பேரி வறுத்துக் கை ஓய்ந்து போனது.

வியாழக்கிழமை சாயங்காலம் அண்டி ஆபீஸ் விட்டு நேரே செல்லபாய் வந்தாள். சேலையில் கொட்டையின் கறை. உள்ளே உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. வாசற்படியில் நின்றே விக்டோரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டரே, நான் அதக் கேட்டப்பம் நெஞ்சு வெடிச்சுப் போச்சு. அண்ணைக்கு ராத்திரி சோறு எறங்கல்ல. பெறவு ஜெபிஷு வந்து சொன்னான், மெஷினு பேசினது எண்ணு. அப்பந்தான் உயிரு வந்துது. எனக்க மவளுக்குப் பிரசவத்தப்பம் ரெண்டு நாளு ஆஸ்பத்திரில கூட இருந்தவ நிங்க. நிங்க வாயால அப்பிடி ஒரு சொல்லு வருமா?"

அந்தக் கறுத்த விரல்கள் விக்டோரியாவின் கையை அமுக்கிக்கொண்டிருந்தன. "சாயா குடிச்சிட்டுப் போ செல்லபாய்" என்றாள்.

"வேண்டாம் சிஸ்டரே. கீழவிளைல ஒரு ஓட்டு மாறாது. அது எனக்க பொறுப்பு."

அவள் போனபிறகு விக்டோரியா அடுக்களையில் போய்ச் சும்மா நின்றாள். கணவர் ஞானதாசன் செய்தித்தாளை மடக்கிவிட்டுத் தொண்டையைச் செருமினார். அவருக்கு அது பழக்கம். நாலு நிமிஷத்துக்கு ஒரு செருமல், பேச்சு குறைவு.

"நிங்க ஒண்ணும் செருமாண்டாம்" என்றாள் விக்டோரியா.

பொய் என்றால் அதற்கு ஒரு கள்ளன் வேண்டுமே. யார் செய்தது என்ற கேள்வி வந்ததும் ஊரே ஒரு வீட்டைப் பார்த்தது. ஜாஸ்மி. செல்வதாஸின் தம்பி மகள், இருபத்துநாலு வயது, எம்.சி.ஏ. படித்துவிட்டு வீட்டிலிருந்தே பெங்களூரில் ஏதோ கம்பெனிக்கு வேலை செய்கிறாள். கம்ப்யூட்டருக்கு நம் ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொடுக்கிற வேலை. போன ஆகஸ்டில் வீடு வீடாக வந்து, ஒரு போனை நீட்டி, ஆளுக்கு இருபது நிமிஷம் பேச வைத்துக் குரலைப் பதிந்துகொண்டு போனாள். பதிலுக்கு ஒரு மாச ரீசார்ஜும் ஒரு டிபன் பாக்ஸும். அன்றைக்கு ஊரே வரிசையில் நின்றது. என் குரலை ஏன் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. நூற்றுநாற்பது பேர் குரல் கொடுத்தார்கள். அதில் விக்டோரியாவும் ஒருத்தி.

"நம்ம கொரலெல்லாம் அவ கையிலல்லா கெடக்கு" என்று ஒருத்தி சொன்னாள். அது போதும். குரல் அவள் கையில், பெரியப்பா எதிர் வேட்பாளர், வேறென்ன சாட்சி வேண்டும்? வெள்ளிக்கிழமை ஜெபிஷ் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நாகர்கோவில் போய் சைபர் கிரைமில் மனுக் கொடுத்துவிட்டு வந்தான். திங்கட்கிழமை லேப்டாப்போடு வரச் சொல்லி ஜாஸ்மிக்கு அழைப்பு வந்தது.

அதோடு நிற்கவில்லை. ஜாஸ்மிக்கு அடுத்த மாதம் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஓலை வாசிக்க வேண்டும், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று. முதல் ஓலை போன ஞாயிறு வாசித்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை இரவே திருவட்டாற்றிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா கூப்பிட்டார். போலீஸ் கேஸ் முடியட்டும், இரண்டாம் ஓலை இப்போது வாசிக்க வேண்டாம் என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜாஸ்மி வந்தாள். தனியாக. கண் வீங்கியிருந்தது, ஆனால் அழவில்லை.

"நீ என்னத்துக்குட்டி இங்க வந்த?" விக்டோரியாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மாட்டிக்கொண்டவர்களுக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"ஆன்டி, அது ஒங்க கொரலு."

"ஓ. நீ பெரிய ஆளு. ஒனக்குத் தெரியுமோ?"

"எனக்கு இந்த ஊர்ல நூத்திநாப்பது கொரலும் மனப்பாடம் ஆன்டி. எட்டு மாசம் அதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். பதினாறாவது செகண்டில குக்கர் விசிலடிக்குது. இருவத்தொண்ணுல ஞானதாசன் அங்கிள் செருமுறாரு. மெஷினு கொரலத் தரும். ஒங்க வீட்டுக் குக்கரும் அங்கிளுக்க செருமலும் அதுக்கு எங்க கிட்டும்?"

உள்ளே ஞானதாசன் செருமப் போனவர் அடக்கிக்கொண்டார்.

"பின்ன நீ சொல்ல வேண்டியதுதானே ஊர்ல."

"சொல்லாமலா? செயலருக்க தம்பி மவ, பெரியப்பாவக் காப்பாத்தப் பேசுகா எண்ணு சொல்லிட்டாவ. இதக் கண்டுபிடிக்கிற சாப்ட்வேர் இருக்கு, ரெண்டுல போட்டுப் பாத்தேன். ஒண்ணு அசல் எண்ணு சொல்லுது. இன்னொண்ணு அறுபது சதவீதம் போலி எண்ணு சொல்லுது. ஜெபிஷண்ணன் ரெண்டாவதத்தான் எல்லாருக்கும் அனுப்பினான்." அதோடு தானாகவே சொன்னாள். "எனக்க மேலயும் தப்பு உண்டு ஆன்டி. இத்தன பேரு கொரல வாங்கிட்டுப் போனேன். அது எங்க போகும், என்னத்துக்கு ஆகும் எண்ணு எனக்கே முழுசாத் தெரியாது. யாரும் கேக்கல்ல, நானும் சொல்லல்ல. சனங்க என்ன பயப்படுறதுல நியாயம் இருக்கு. ஆனா இத நான் செய்யல்ல. அது ஒங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாள். கெஞ்சவில்லை, சபிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால் விக்டோரியாவுக்குச் சுகமாக இருந்திருக்கும். திருப்பித் திட்டியிருக்கலாம்.

நாளைக்கு நாற்காலி. இன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை விக்டோரியா வீட்டுக்குள் நடந்தாள். மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்த ஒரு தடவை, கைக்குழந்தையாக இருந்த அந்தப் பெண்ணை ஊசி போடும்போது மடியில் வைத்துப் பிடித்தவள் அவள். நாற்காலியும் வேண்டும், அந்தப் பிள்ளையும் தப்ப வேண்டும் என்று ஒரு வழி தேடித் தேடிப் பார்த்தாள். ஒரு வழியும் இல்லை. "சவத்த, நாக்காலி போனாப் போட்டும்" என்று கடைசியில் போனை எடுத்தாள். இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டுதான். சபைக் குழுவைத் திறந்து, இது சபைக் குழுதானா என்று இரண்டு தடவை பார்த்து, மைக்கை அழுத்தினாள்.

"சபையாரே, நான் விக்டோரியா. செவ்வாக்கிழம வந்தது எனக்க கொரலுதான். மெஷின் இல்ல. நான்தான் சொன்னேன். ஜாஸ்மி ஒண்ணும் செய்யல்ல. என்ன மன்னிக்கணும்." கடைசியில் குரல் உடைந்து அழுதுவிட்டாள்.

அனுப்பிவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். ஒரு பாரம் இறங்கியது. இரண்டு நிமிஷம்தான். பிறகு வந்தது பதில் மழை.

'அடுத்ததும் தயார் பண்ணிட்டானுவ.'

'முதல் பதிவு கிளியரா இருந்தது. இது அவ்வளவு சரியில்லை.'

'அழுகை கூடிப்போச்சு. விக்டோரியா அக்கா இப்படி அழமாட்டாங்க.'

'ஜாஸ்மி ஒண்ணும் செய்யலன்னு அவளே மெஷினச் சொல்ல வச்சிருக்கா பாருங்க. என்ன தைரியம்.'

ஜெபிஷ் மூச்சிரைக்கக் கூப்பிட்டான். "மாமி, பாத்தியளா? ரெண்டாவது ஒண்ணு எறக்கிட்டாவ. பேடிக்காதிய, நான் அத எடுத்து கேஸோட சேத்தாச்சு. ஆனா ஒண்ணு, இதுக்குப் பெறவு நமக்கு நூறு ஓட்டு முன்னில."

"எலே, அது நான்தான். இப்பம் பேசினது நான்தாம்லே."

ஜெபிஷ் குரலைத் தாழ்த்தினான். "இப்பம் பேசுகது மாமிதானா?"

விக்டோரியா போனைக் கட்டிலில் எறிந்தாள். போதகரைக் கூப்பிட்டாள். போதகர் நல்ல மனுஷன், பொறுமையாக எல்லாம் கேட்டார். கேட்டுவிட்டு, "அம்மா, ஒங்கள யாராவது மெரட்டினாங்களா? பயப்படாதீங்க, சபை ஒங்களோட இருக்கு" என்றார். அவளுக்குத் தலையைச் சுவரில் முட்டலாம் போலிருந்தது. ஐம்பத்தாறு வருஷம் பேசிக்கொண்டிருந்த சொந்தக் குரல். அது என்னுடையது என்று அவளே சொன்னாலும் எடுபடவில்லை. நாலு நாளாக ஊருக்கு அவள் கற்றுக்கொடுத்த பாடம் அது. பிசகில்லாமல் படித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உட்கார இடமில்லை. சன்னல் விளிம்பிலெல்லாம் ஆள். ஆராதனை முடிந்ததும் போதகர் அறிவிப்புகளை வாசித்தார். ஜாஸ்மியின் ஓலையை வாசிக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் பின்வரிசையில் ஜாஸ்மி நிமிராமல் இருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் ஒரு ஆள் இடம் காலியாகக் கிடந்தது. அவ்வளவு நெரிசலிலும் யாரும் அங்கே உட்காரவில்லை.

ஓட்டுப்பதிவு தொடங்குவதற்கு முன் வேட்பாளர்கள் ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேசலாம். செல்வதாஸ் எழுந்து, "நான் ஒண்ணும் செய்யல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரோ கெக்கலித்தார்கள். அடுத்து விக்டோரியா. கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஆலயத்தில் கைதட்டுகிற வழக்கமே கிடையாது. போதகரே சிரித்தார். ஆஹா, அந்த நிமிஷத்தை அவள் எத்தனை நாள் கனவு கண்டிருப்பாள்.

"செவ்வாக்கிழம வந்த பேச்சு என்னுதுதான்" என்றாள் மைக்கில். "நேத்து வந்ததும் என்னுதுதான்."

கசகசவென்று ஒரு சத்தம் எழுந்தது. "மெரட்டி வச்சிருக்காவ" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒருவர். ஜெபிஷ் எழுந்து நின்று போதகரைப் பார்த்துச் சொன்னான். "ஐயரே, மாமிக்கு நாலு நாளா உறக்கம் இல்ல, பிரஷர் ஏறிக் கெடக்கு. அவியள உக்காரச் சொல்லுங்க." போதகரும் எழுந்து, "அம்மா, தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க, எல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம்" என்று தோளைத் தொட்டார். செல்லபாய் மூன்றாவது வரிசையிலிருந்து கண்ணால் சைகை காட்டினாள், பயப்படாதீங்க சிஸ்டரே என்று.

விக்டோரியா மைக்கை வைத்துவிட்டாள். இனி மைக் வழியாக வருகிற எதையும் இவர்கள் நம்பப் போவதில்லை. படியிறங்கி நடந்து மூன்றாவது வரிசைக்குப் போனாள். செல்லபாயின் முன்னால் ஒரு முழத் தூரத்தில் நின்றாள். ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. அதைச் சொன்ன வாய் அதைச் சொல்லிக் காட்ட வேண்டும். கேட்கிறவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சொன்னாள். "கீழவிளைய நெனச்சு நீ ஒண்ணும் பேடிக்காத." ஆலயத்தில் ஒரு மின்விசிறிச் சத்தம் மட்டும். "அதுகளுக்கு ஒரு நேரம் அசனச்சோறு வயறு முட்டப் போட்டா போதும், பொறத்தால வந்திரும்." செல்லபாயின் முகத்தில் அந்தச் சைகைச் சிரிப்பு இன்னும் இருந்தது. போக மறந்து அங்கேயே நின்றது. "செல்லபாய்க்க எலையில நாலு துண்டு எறச்சி கூடுதலா வச்சா அந்த லைன் மொத்தமும் நமக்குத்தான்." சிரிப்பு போனது. விக்டோரியா கடைசி வரியையும் விடவில்லை. "அதுகளுக்கெல்லாம் என்னத்த பெரிய ரோசம்."

அந்த அமைதியில் ஆண்கள் பக்கம் நாலாவது வரிசையில் ஞானதாசன் தொண்டையைச் செருமினார். பாவம், நாலு நிமிஷத்துக்கு மேல் அடக்க முடியவில்லை. அவ்வளவுதான், சபை முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது. ஐந்து நாளாக அந்தப் பதிவை ஐம்பது தடவை கேட்ட சபை. அந்தச் செருமல் எல்லாருக்கும் தெரிந்தது.

"டெல்சிக்கு அனுப்புகேன் எண்ணு நெனச்சு அனுப்பினேன்" என்றாள் விக்டோரியா. "சொன்னது நான். மெஷினு தலையில போட்டதும் நான். அந்தப் பிள்ள மேல விழுந்தப்பம் பாத்துக்கிட்டு இருந்ததும் நான். மெஷினு ஒரு தப்பும் செய்யல்ல."

செல்லபாய் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "இப்பம் மனசிலாச்சு சிஸ்டரே" என்றாள். "நிங்கதான்." முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஓட்டுப்பதிவு நடந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு எண்ணி முடித்தார்கள். செல்வதாஸ் முந்நூற்று நாலு. விக்டோரியா முப்பத்தொன்று. அந்த முப்பத்தொரு பேர் யார் என்று ஊர் இன்றைக்கும் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறது. அதில் இரண்டு பேர் ஞானதாசனும் ஜாஸ்மியும் என்று விக்டோரியாவுக்குத் தெரியும். ஜெபிஷ் அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மனுவை மட்டும் திங்கட்கிழமை காலையிலேயே போய்த் திரும்ப வாங்கினான். திருவட்டாற்றுக்கு விக்டோரியாவே பஸ் ஏறிப்போய் மாப்பிள்ளையின் அப்பா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். போனில் சொல்லவில்லை, இனி முக்கியமான எதையும் போனில் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு அசனம். காலை ஆராதனையில் ஜாஸ்மியின் இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்டது. தடை சொல்ல யாரும் இல்லை. ஆலயத்துக்குப் பின்னால் பந்தல் போட்டு, பெரிய வார்ப்பு அண்டாவில் எறச்சிக்கறி கொதித்து, நாலு தெருவுக்கு மணம் போனது. புது சந்தோஷத்தில் செல்வதாஸ் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடித் திரிந்தார். விக்டோரியா வரமாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவளுக்கும் வர மனசில்லை. வராவிட்டால் பிறகு என்றைக்கும் வர முடியாது என்று தோன்றியதால் வந்தாள். இரண்டாம் பந்தியில் கடைசி இலையில் போய் உட்கார்ந்தாள்.

செல்லபாய் சோற்று வாளியோடு வந்தாள். ஒவ்வொரு இலையாக விளம்பிக்கொண்டே வந்தாள். விக்டோரியாவின் இலைக்கு வந்ததும் நின்றாள். இரண்டு கரண்டி வைத்தாள். விக்டோரியா போதும் என்று கையை நீட்டினாள். செல்லபாய் கேட்கவில்லை. மூன்றாவது, நாலாவது. சோறு இலையை மூடியது. பிறகு பின்னால் கறி விளம்பிக்கொண்டு வந்த பெண்ணின் கையிலிருந்து கரண்டியை வாங்கி, வாளிக்குள் துழாவி, நல்ல துண்டாகப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எடுத்து வைத்தாள். பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"வயறு முட்டத் தின்னுங்க சிஸ்டரே" என்றாள் செல்லபாய். "நான் ஓட்டொண்ணும் கேக்கமாட்டேன்."

அடுத்த பந்திக்கு இலை போடச் சொல்லிக்கொண்டே அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். விக்டோரியா குனிந்து சாப்பிடத் தொடங்கினாள். எல்லாரும் எழுந்து கை கழுவப் போன பிறகும் உட்கார்ந்திருந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்று முடித்தாள்.